கரையை எண்ணும்போது வாவியை விட்டுவிடாதீர்கள்: மட்டக்களப்பு மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டப் புள்ளிவிபரக் கிளை, மாவட்டத் திட்டமிடல் செயலகம் ஆகியவற்றின் அலுவலர்களுக்கும், 14 பிரதேச செயலாளர்களுக்கும், கடற்றொழில், கமநலத் திணைக்களங்களில் எண்களைத் திரட்டித் தரும் அனைவருக்கும்,

வணக்கம்.

2024 குடிசன மதிப்பின் விபரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. 2012க்குப் பிறகு வீடு வீடாகப் போய் எண்ணிய கணக்கு இதுதான். மாவட்டக் கைநூலின் பழைய அட்டவணைகளில் புது எண்களை நிரப்பி அச்சுக்கு அனுப்புவது இலகு. அப்படிச் செய்துவிட்டால் இன்னும் பத்து வருடங்களுக்கு நமது கரையோரத்தைப் பற்றிய திட்டங்கள் தவறான படத்தின் மேலேதான் போடப்படும். அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கரையோரம் என்றால் கடலோடு ஒட்டிய பிரதேச செயலாளர் பிரிவுகளின் கூட்டுத்தொகை என்று எடுக்காதீர்கள். அவற்றுக்குள் அடங்கும் சிறிய நிர்வாக அலகுகளான கிராம சேவகர் பிரிவுகளை அடுக்கி அதைக் கட்டுங்கள், வாவிக்கரையையும் கரையாகவே எண்ணுங்கள். எந்த எண்ணை அச்சிட்டாலும் அது எந்த நாளுக்கு உரியது, எந்த எல்லைக்கு உட்பட்டது, எந்த வரைவிலக்கணப்படி, யார் எண்ணியது என்பது அந்த அட்டவணையின் அடியிலேயே இருக்கட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு ஏறாவூர்ப்பற்றை எடுங்கள். களுவன்கேணியும் சவுக்கடியும் அதற்குள்தான், கடல் வாசலில். பதுளை வீதியில் உள்ளே போனால் வரும் கரடியனாறும் அதே பிரிவுதான். ஒரு பக்கம் படகும் வலையும், மறுபக்கம் வயலும் மாடும் சேனைப்பயிரும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற குடும்பம் களுவன்கேணியிலும் இல்லை, கரடியனாற்றிலும் இல்லை. மறுபுறம் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகிய மூன்றும் கடலைத் தொடாத பிரிவுகள். ஆகவே கரையோர அட்டவணையில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை முழுவதும் தோணியும் வீச்சுவலையும் அத்தாங்குமாகப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பிரிவுகளில்தான் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத தொழிலாளிக்கு வலை மானியமும் வராது, வெள்ள நட்டஈட்டில் தொழில் இழப்பும் சேராது. படுவான்கரை எனப்படும் இந்த மேற்குக் கரையின் மீனவர் புறக்கணிக்கப்படுவது இந்த அட்டவணைத் தலைப்பில் இருந்தே தொடங்குகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சட்டத்தைப் பார்த்தாலும் வாவி வெளியே நிற்கவில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. கடலோடு தொடர்புள்ள ஆறு, வாவி என்றால் முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர். 2011இல் வந்த திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரமாக மேலும் 100 மீற்றரைச் சேர்த்தது. ஆனாலும் இந்த வலயத்தை அப்படியே மக்கள்தொகை அட்டவணைக்கு எடுக்க முடியாது. 300 மீற்றர் கோடு ஒரு கிராம சேவகர் பிரிவை நடுவால் வெட்டிப் போகும், குடிசன மதிப்போ அந்தப் பிரிவுக்குக் கீழே விபரம் வெளியிடுவதில்லை. எனவே ஒரு நடைமுறை விதி வேண்டும்.

நாங்கள் முன்வைப்பது இது. மாவட்டத்தின் 346 கிராம சேவகர் பிரிவுகளின் எல்லைப் படத்தை நில அளவைத் திணைக்களத்தின் நீர்நிலைப் படத்தின் மேல் வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் குடிமனை உள்ள பகுதியை மட்டும் பாருங்கள். காடும் வயலும் சேர்ந்த முழுப் பரப்பைப் பார்த்தால் கிரான், வாகரைப் பக்கத்துப் பெரிய பிரிவுகள் ஏமாற்றிவிடும். குடிமனையில் பாதிக்கு மேல் கடலிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இருந்தால் அது கடற்கரைப் பிரிவு, வாவியிலிருந்து அதே தூரத்துக்குள் இருந்தால் வாவிக்கரைப் பிரிவு. கல்லடியிலிருந்து கல்லாறு வரை ஓடும் ஒடுங்கிய நிலப்பட்டியில் பல பிரிவுகள் இரண்டுக்கும் பொருந்தும். அவற்றை ‘இருகரை’ என்று தனியாகக் குறியுங்கள், ஏதாவது ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டாம். மற்றவை உள்நிலம். 1 கிலோமீற்றர்தான் சரி என்று பிடிவாதம் இல்லை. எதை எடுத்தாலும் அதை எழுதி வைத்து அடுத்த கைநூலிலும் அதையே பிடியுங்கள். வகைப்படுத்திய பட்டியலை அந்தந்தக் கிராம சேவகரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்தால், படத்தில் தெரியாத புதுக் குடியேற்றங்களும் அகப்பட்டுவிடும்.

இதில் ஒரு சின்ன வேலை தவறினால் எல்லாமே குழம்பும். பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்காதீர்கள், குறியீட்டு எண்ணை வையுங்கள். புதுக்குடியிருப்பு என்ற பெயர் பல இடங்களில் உண்டு. ஓரிடத்தில் களுவன்கேணி, இன்னோர் இடத்தில் களுவங்கேணி என்று எழுதியிருந்தால் கணினி அவற்றை இரண்டு ஊராகவே எடுக்கும். பிரிவு பிரிக்கப்பட்டு எண்ணோடு ஓர் எழுத்துச் சேர்ந்திருந்தால் பழைய எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் 2012உம் 2024உம் ஒன்றோடொன்று ஒட்டாது.

இனி மக்கள்தொகை. 1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் 330,333 பேர், அம்பாறையில் 388,970 பேர். 2012இல் 526,567, 649,402. மட்டக்களப்பின் வளர்ச்சி 31 வருடத்தில் 59 வீதம், ஆண்டுக்குச் சராசரி ஒன்றரை வீதம். கைநூல்களில் இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து வரைபடம் போடுவது வழக்கம். அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள். 1991இல் குடிசன மதிப்பு நடக்கவில்லை, 2001இல் நடந்தபோதும் மட்டக்களப்பில் அது முழுமையாகவில்லை. அம்பாறையில் முழுமையாக நடந்தது, ஆகவே 2001 நிரலை வைத்து இரண்டு மாவட்டங்களையும் ஒப்பிடவும் முடியாது. நடுவே இருந்த 31 வருடத்தில்தான் இடப்பெயர்வும் வெளிநாட்டுக்குப் போனதும் 2004 ஆழிப்பேரலையும் நடந்தன. கோடு போட்டால் இவை ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து, இடையே வெற்றிடமாக விடுவதுதான் நேர்மை. அதேபோல் 1961க்கு முந்திய ‘மட்டக்களப்பு’ என்ற எண்ணில் இன்றைய அம்பாறையும் அடக்கம். பழைய நிரல் சேர்ப்பதென்றால் இரண்டு மாவட்டத்தையும் கூட்டி ஒரே நிரலாகவே போடுங்கள்.

பிரதேச செயலகங்கள் அனுப்பும் சனத்தொகையும் குடிசன மதிப்பின் சனத்தொகையும் ஒத்துப்போகாததைக் கண்டு யாரோ பிழைவிட்டதாக எண்ணி, ஒன்றை மற்றதற்கு ஏற்பத் திருத்திவிடுவதும் உண்டு. அது கூடாது. கிராம சேவகரின் பதிவேடு அந்த ஊரில் பதிந்த குடும்பங்களைச் சொல்கிறது. கட்டாரில் வேலை செய்யும் மகன், கொழும்பில் கடை வைத்திருக்கும் மருமகன், கலியாணம் முடித்து ஏறாவூருக்குப் போயும் பெயர் வெட்டாத மகள், எல்லோரும் அதில் இருப்பார்கள். குடிசன மதிப்பு, வழமையாக அங்கு வசிப்பவரை எண்ணுகிறது. முதலாவது அத்தாட்சிக் கடிதத்துக்கும் நிவாரணப் பட்டியலுக்கும் தேவை, இரண்டாவது தண்ணீருக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் தேவை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் அச்சிடுங்கள். இடைவெளி பெரிதாக உள்ள ஊர்கள் எவை என்பதே வெளிநாட்டு வேலைக்குப் போனோரைப் பற்றிய பெறுமதியான தகவல். பெண் தலைமைக் குடும்பங்களின் எண்ணிக்கைக்கும் இது பொருந்தும். கணவன் இறந்த குடும்பம், கணவன் வெளிநாட்டில் உள்ள குடும்பம், பிரிந்திருக்கும் குடும்பம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கினால் அதை வைத்து எந்த உதவித் திட்டமும் சரியாகப் போட முடியாது.

அடர்த்திக்கு வருவோம். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். இதில் 244 உள்நாட்டு நீர்ப்பரப்பு, நிலம் 2,610. மொத்தத்தால் வகுத்தால் 2012இல் சதுர கிலோமீற்றருக்கு 185 பேர், நிலத்தால் வகுத்தால் 202. நீர்ப்பரப்பு இவ்வளவு உள்ள மாவட்டத்தில் நிலத்தால் வகுப்பதே முறை, அதையும் எழுதிவிட வேண்டும். அதற்கும் மேலாக, 202 என்ற எண் எந்த ஊரையும் காட்டாது. ஒரு முனையில் காத்தான்குடி, நாட்டிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று, மறுமுனையில் வாகரையின் காட்டோரக் கிராமங்கள்.

நெருக்கத்தின் பொருள் என்ன என்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். 10 பேர்ச் காணி என்பது 253 சதுர மீற்றர். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி, அதாவது 15 மீற்றர் விட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விதி. அந்தக் காணியில் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால் விதி நிறைவேறும். ஆனால் பின்வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்று மூலைக்கு மதிலுக்கு அப்பால் 3 மீற்றரில் இருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில் குடிநீர், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மணல் எதையும் வடித்து நிறுத்தாமல் வேகமாகக் கீழே விட்டுவிடும். ஆனால் அட்டவணையில் இந்த வீடு ‘பாதுகாக்கப்பட்ட கிணறு உண்டு’, ‘நீர்முத்திரை மலசலகூடம் உண்டு’ என்று இரண்டு நிரலிலும் நல்ல வீடாகவே நிற்கும். இருகரைப் பிரிவுகளுக்காவது நான்கு நிரல்கள் சேருங்கள்: காணியின் சராசரி அளவு, குழாய்நீர் இணைப்பு உள்ள வீடுகள், கிணற்றை மட்டும் நம்பும் வீடுகள், கழிவு அகற்றும் வண்டி போகக்கூடிய வீதியில் உள்ள வீடுகள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் இவற்றின் பெரும்பகுதியைத் திரட்டலாம்.

நகரம், கிராமம் என்ற பிரிப்பிலும் பெரிய மயக்கம் உண்டு. நமது நாட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவை மட்டும் நகரம், பிரதேச சபைக்கு உட்பட்டது, பெருந்தோட்டங்கள் தவிர, எல்லாம் கிராமம். ஆகவே மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய மூன்றும் நகரம். வாழைச்சேனை, ஓட்டமாவடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி ஆகியவற்றின் கடைத்தெருக்கள் எல்லாம் கிராமம். அம்பாறைக் கரையில் சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள் வருவதால் நகரமாகிறது, வீதியே பிரியாமல் அதற்கு அடுத்தாற்போல் வரும் காரைதீவு கிராமமாகிறது. கிராமத்தில் மின்சாரம் இத்தனை வீதம், இணையம் இத்தனை வீதம் என்று எழுதும்போது வாகரை கதிரவெளியும் ஓட்டமாவடிச் சந்தியும் ஒரே பெட்டிக்குள் போகின்றன. தேசிய வரைவிலக்கணத்தை மாற்றும் அதிகாரம் மாவட்டத்துக்கு இல்லை. ஆனால் கிராம சேவகர் பிரிவு வாரியான அடர்த்தியை மூன்று படியாகப் பிரித்துத் துணை அட்டவணை ஒன்று போட எந்தத் தடையும் இல்லை. மாவட்டத்தில் 14 பிரதேச செயலாளர் பிரிவுகள், ஆனால் உள்ளூராட்சி சபைகள் 12. கோறளைப்பற்று தெற்குக்கும் மத்திக்கும் தனிச் சபை கிடையாது. சபையின் வருமானத்தைப் பிரிவின் சனத்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று காட்டும் கணக்குகள் அங்கே உடைந்துபோகும்.

வறுமை வீதம்தான் எல்லோரும் முதலில் தேடும் எண், அதிகமாகப் பிழைபடுவதும் அதுவே. வீட்டு அலகு வருமான செலவு ஆய்வின்படி மட்டக்களப்பில் வறியவர் 2012/13இல் 19.4 வீதம், 2016இல் 11.3 வீதம். 2016இல் நாட்டின் சராசரி 4.1. அடுத்த 2019 ஆய்வில் நாட்டின் வீதம் 14.3. மூன்று வருடத்தில் நாடு மூன்று மடங்கு வறுமைப்பட்டுவிட்டதா? இல்லை, கோடு மாறியது. 2016 வரை 2002ஆம் ஆண்டின் நுகர்வுக் கூடை, 2019இல் 2012/13ஆம் ஆண்டின் கூடை. பழைய கோட்டின் எண்ணையும் புதிய கோட்டின் எண்ணையும் ஒரே நிரலில் கீழும் மேலுமாக அடுக்கக் கூடாது. அடுக்கத்தான் வேண்டும் என்றால் இடையில் தடித்த கோடு போட்டுக் காரணத்தை எழுதுங்கள். இந்த ஆய்வு நாடு முழுவதும் சுமார் 25,000 வீட்டு அலகுகளைத் தொட்டு, மாவட்ட மட்டத்துக்குத்தான் நம்பகமாகப் பேசும். பிரதேச செயலாளர் பிரிவுக்கு இறக்கினால் ஒரு பிரிவுக்குச் சில பத்து வீடுகளே தேறும். அம்பாறையில் 2016இன் வீதம் 2.6. தெகியத்தகண்டியும் உகணையும் கல்முனையும் திருக்கோவிலும் பொத்துவிலும் சேர்ந்த எண் அது. திருக்கோவிலில் வறுமை 2.6 வீதம் என்று யாராவது திட்ட அறிக்கையில் எழுதினால் அது பிழை என்று உடனே திருப்பி அனுப்புங்கள்.

தொழிற்படை எண்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் பாதி மக்கள் மறைந்துபோகிறார்கள். ஆய்வு கேட்பது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம், கடந்த வாரத்தைப் பற்றி. சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ குடும்பத் தொழிலிலோ ஒரு மணித்தியாலம் உழைத்திருந்தாலும் அவர் தொழில் உள்ளவர். விதி இப்படி விரிந்திருந்தும், படலையில் நின்று “நீங்க வேலை செய்யுறீங்களா?” என்று கேட்டால் வரும் பதில் “இல்ல, வீட்டதான் இருக்கன்.” கேட்டுவிட்டு நிமிர்ந்தால் முற்றத்துப் பாயில் நெத்தலி காயும், கதவோரத்தில் பொத்த வேண்டிய வலை குவிந்திருக்கும், அடுப்படியில் நாளைக்கு விற்க இறால் உரித்து வைத்திருக்கும். அந்தப் பெண் சம்பளமற்ற குடும்ப உழைப்பாளியாகவாவது பதியப்பட வேண்டியவர். பதியப்படுவது ‘வீட்டுப் பணி’. வேலை என்ற சொல்லை விட்டுவிட்டுச் செயல்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: போன கிழமை வலை பொத்தினீர்களா, கருவாடு போட்டீர்களா, இறால் உரித்தீர்களா, நாற்றுப் பிடுங்கினீர்களா, கிடுகு பின்னினீர்களா, மாட்டுக்குத் தண்ணி காட்டினீர்களா, தைத்துக் கொடுத்தீர்களா? தேசிய ஆய்வின் வினாக்கொத்து உங்கள் கையில் இல்லை. பிரதேச செயலக மட்டத்தில் எடுக்கும் தரவுப் படிவங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பதிலை எழுதும் அலுவலர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

வாரம் என்ற கணக்கு கடற்றொழிலுக்கு எப்போதும் பொருந்தாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரை நம் கடல் கொந்தளிப்பு. நல்ல தொழில் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை. மார்கழியில் எடுத்த கணக்கும் ஆடியில் எடுத்த கணக்கும் இரண்டு வேறு ஊர்களைக் காட்டும். மாதச் சம்பளம் என்ன என்ற கேள்வியும் வீண். படகுச் செலவு கழித்து முதலாளிக்கு ஒரு பங்கு, தொழிலாளிகளுக்கு மிச்சம் என்று பிரியும் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. கடைசியாகப் போன மூன்று தொழிலில் கையில் வந்தது எவ்வளவு, அந்த மாதத்தில் எத்தனை நாள் போனது என்று கேட்டால் உண்மைக்குக் கிட்ட வரலாம்.

மீன் உற்பத்தி அட்டவணைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கணக்கின் முறை எளிது. ஒரு நாளில் ஒரு படகின் சராசரிப் பிடி, அந்த மாதத்தில் உண்மையாகத் தொழிலுக்குப் போன படகுகள், போன நாட்கள், மூன்றையும் பெருக்க வேண்டும். ஓர் இறங்குதுறையில் 60 படகு பதிந்திருந்து 40தான் போகிறது, சராசரி 35 கிலோ, 18 நாள் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,200 கிலோ. பதிவேட்டைப் பார்த்து 60ஐப் போட்டால் 37,800. இருந்த மீனில் பாதி இன்னும் சேர்ந்துவிட்டது. பழுதான இயந்திரம், விற்கப்பட்ட படகு, ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாகக் கிடைத்துக் கரையிலேயே வெடித்துப்போன நாரிழைப் படகு, எல்லாம் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு தரம், பங்குனியிலும் ஆவணியிலும், கரையில் நடந்து போய் ஓடும் படகை எண்ணுங்கள்.

குறைத்துக் காட்டும் பிழைகளும் உண்டு. காலை ஏலத்தை மட்டும் பார்த்தால் பின்னேரம் கரையேறும் பிடி விடுபடும். தொழிலாளிகள் கறிக்கு எடுக்கும் மீன் ஏலத்துக்கே வராது. கூடைக் கணக்கைக் கிலோவாக்கும்போது கூடை ஒவ்வொரு துறையிலும் வேறு. ஐஸ் போட்ட பெட்டியை ஐஸோடு நிறுத்தால் அது மறுபக்கமாக ஏமாற்றும். இறால் தலையோடு நிறுத்ததா, தலை நீக்கி நிறுத்ததா என்று எழுதாத எண்ணுக்குப் பெறுமதி இல்லை. கருவாட்டின் நிறையைப் பச்சை மீனோடு கூட்டவே கூடாது. பச்சை மீனுக்கு மாற்றும் விகிதத்தை மீன் வகை வாரியாக ஒருமுறை நிறுத்து எடுத்து, அதையே பயன்படுத்துங்கள்.

வாழைச்சேனையில் பதிந்த பலநாட் படகு திருகோணமலையில் மீனை இறக்கினால் அது எந்த மாவட்டத்தின் உற்பத்தி? இறக்கிய இடத்தின் உற்பத்தி, ஆனால் வருமானம் வாழைச்சேனைக்கு. ‘இங்கு இறக்கியது’, ‘இங்குள்ள படகுகள் பிடித்தது’ என்று இரண்டு வரி போட்டால் பிரச்சினை தீரும். கடற்றொழில் பரிசோதகர் பிரிவுகள் பிரதேச செயலாளர் பிரிவுகளோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். அம்பாறை மாவட்டத்தின் கரை, கடற்றொழில் திணைக்களத்தின் கணக்கில் ‘கல்முனை’ என்ற பெயரில் வரும். சுகாதாரத்திலும் அந்த மாவட்டம் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியம். அறியாதவர் கல்முனை எண்ணை நகர எண்ணாக எடுத்துவிடுவார்.

வாவிப் பிடியைத் தனி அட்டவணையாக வையுங்கள், அதனோடு இன்னொரு வரியும் சேர வேண்டும்: பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று முகத்துவாரமும் எந்தத் தேதியில் திறந்தன, எந்தத் தேதியில் மூடின, தானாகத் திறந்ததா வெட்டித் திறந்ததா. மண்திட்டு அடைத்திருக்கும் காலத்தில் மாரி மழை பெய்தால் படுவான்கரை வயலுக்குள் தண்ணீர் ஏறும். வெட்டிவிட்டால் வயல் தப்பும், வாவியின் நீர்மட்டமும் உப்பும் சடுதியாக மாறும். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வாவிக்குள் வந்து வளர இந்த வாய் திறந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டின் இறால் பிடி ஏன் கூடியது, நெல் ஏன் அழிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்தத் தேதிகளில் இருக்கிறது.

நெல்லைப் பற்றிச் சுருக்கமாக. விதைத்த பரப்பு, அறுத்த பரப்பு, வரம்பு கழித்த தேறிய பரப்பு ஆகிய மூன்றையும் பிரித்துப் போடுங்கள். மாரிகால நெற்செய்கையான பெரும்போகம் இரண்டு நாட்காட்டி ஆண்டில் விழுவதால் 2023/24 என்றே எழுத வேண்டும், மீன் உற்பத்தியின் 2024ஓடு அதைக் கூட்டக் கூடாது. ஒரு புசல் 20.86 கிலோ. ஏக்கருக்கு 80 புசல் என்றால் ஹெக்டயருக்கு ஏறக்குறைய 4,120 கிலோ. மூடை ஓர் அளவே அல்ல, ஆளுக்காள் மாறும். இயந்திரத்தில் அறுத்து வயலிலேயே விற்கும் ஈரநெல் 20 வீத ஈரப்பதனில் 1,000 கிலோ இருந்தால், 14 வீத நியமத்துக்கு அது 930 கிலோதான். காணி படுவான்கரையில், சொந்தக்காரர் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருப்பது இங்கு சாதாரணம். பெருநிலக்காரரான போடிமார் காலத்திலும் அப்படித்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் போய்வருவது இன்னும் இலகுவானது. உற்பத்தியைக் காணி இருக்கும் பிரிவிலும் விவசாயியை வாழும் பிரிவிலும் எண்ணிவிட்டு, ஒன்றை மற்றதால் வகுத்து ‘ஒரு விவசாயிக்கு இவ்வளவு’ என்று எழுதாதீர்கள். மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் நிலங்களுக்குப் போகும் மாட்டுக்கும் இதே கவனம் தேவை.

உல்லாசப் பயணத்துறையில் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் பதிவில்லாத சிறு விடுதிகள் எண்ணில் வருவதில்லை. அறை எண்ணிக்கையோடு திறந்திருக்கும் மாதங்களையும் கேட்டால் போதும்.

அடிப்படை ஆண்டைத் தெரிவு செய்வதில் கவனம். 2020 கொரோனா. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, அதன் அடி 2021/22 பெரும்போகத்தில் விழுந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். வெளியிணைப்பு இயந்திரத்துக்கு அதுதான் எரிபொருள். அடுத்த மாதம் கொழும்பு விலைச்சுட்டியின் பணவீக்கம் 69.8 வீதம். இந்த வருடங்களில் ஒன்றை அடிப்படையாக வைத்தால் பின்னே வருவதெல்லாம் முன்னேற்றமாகத் தெரியும். வருமானத்தை ரூபாயில் மட்டும் காட்டினாலும் அதே மயக்கம்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தியை மத்திய வங்கி மாகாண மட்டம் வரையே பிரித்து வெளியிடுகிறது. கிழக்கு மாகாணத்தின் எண்ணைச் சனத்தொகை விகிதத்தில் வெட்டி மாவட்டத்துக்கு ஒரு தொகை உருவாக்க வேண்டாம்.

கடைசியாக வெளியீட்டு முறை. ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டி, அச்சிட்டு, மறுபடி படம்பிடித்து ஏற்றிய கைநூலில் ஒரு ஊரின் பெயரைக் கூடத் தேட முடியாது. ஒருங்குறியில், ஒரு வரிக்கு ஒரு கிராம சேவகர் பிரிவு, முதல் நிரலில் குறியீட்டு எண், இணைத்த கட்டங்கள் இல்லாத விரிதாளாக மாவட்டச் செயலகத் தளத்தில் வையுங்கள். தரவு இல்லாத கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள், வெறுமையாக விட்டுக் காரணத்தைக் குறியுங்கள். பூச்சியம் என்றால் எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றுதான் பொருள்.

346 பிரிவுகளையும் ஒரேயடியாகச் செய்ய ஆளணி போதாது என்றால் இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளில் தொடங்குங்கள். கடலிலிருந்து காடு வரை நீளும் ஏறாவூர்ப்பற்று ஒன்று. இருகரையும் மிளகாய், வெங்காயம், வெற்றிலை விளையும் களுதாவளை மணலும் துறைநீலாவணை வாவியும் சேர்ந்த மண்முனை தென் எருவில்பற்று மற்றது. வகைப்படுத்தலின் முதல் வரைவை வெளியிட்டால், ஊர்வாரியாகப் பார்த்துத் திருத்தங்களை எழுத்தில் அனுப்ப நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். வரைவு வரவேண்டிய காலம், 2024இன் கிராம சேவகர் பிரிவு விபரங்கள் உங்கள் கைக்குக் கிடைக்கும் அந்த மாதம், அச்சுக்குப் பக்கம் கட்டுவதற்கு முன்.

இப்படிக்கு,
எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்தப் புள்ளிவிபரங்களோடு அன்றாடம் வேலை செய்வோர்
மட்டக்களப்பு